பாறைப் பெரணிக்கு ஒரு பெயர்

நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்து ஓய்ந்த தில்லைநாயகத்துக்கு, ஓய்வுக்குப் பிறகு பூக்காத செடியான பெரணியின்மேல் பைத்தியம் பிடித்தது. தன்னைவிட இருபது வயது இளையவரான ரெஜினா டீச்சரைக் குருவாக வைத்துக்கொண்டார். மலைமேல், செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சின்னக் கூடம் ஒன்று டீச்சரின் பொறுப்பில் இருந்தது.

அன்று இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்றில் காசளவு வட்ட இலை. அது எல்லாருக்கும் தெரிந்த பெரணிதான். மற்றதில் விரல் நீளத்துக்கு ஒடுங்கிய இலை, முதுகெல்லாம் பழுப்புத் தூள். பெயர் எழுதும் இடத்தில், போன தை மாதம் இறந்துபோன மனைவியின் பெயரை எழுதியிருந்தார். சௌந்தரவல்லி.

"புது இனம், டீச்சர். ஒரே பாறையிலதான் ரெண்டும் இருக்கு. பங்காளிங்கதான், ஆனா வேற வேற. சரிதானே?"

"ரெண்டையும் காம்போட கிள்ளியிருக்கீங்களே ஐயா. அடித்தண்டு எங்கே?"

"இலையைப் பார்த்தாலே தெரியுதே!"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு அந்தப் பாறைக்கு நடந்தார்.

பாறையில் பாசி ஈரமாக இருந்தது.

"இந்த வட்ட இலையோட காம்பைப் பிடிங்க. விரலை அப்படியே கீழே கொண்டுபோங்க."

பாசிக்குள் நூல் கனத்தில் ஒரு தண்டு தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே ஒரு சாண் தூரம் போனார். தண்டிலிருந்து அடுத்த காம்பு மேலேறிய இடத்தில் நீள இலை நின்றது.

"வட்ட இலை சாப்பாடு தேட. நீள இலை வித்துத் தூளைச் சுமக்க. ஒரே செடி" என்றார் டீச்சர்.

ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனிதர், ஒரு சாண் பாறையில் கோட்டைவிட்டிருந்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குன்னு நான் எதுவுமே செஞ்சதில்லை, டீச்சர். மழையோ பனியோ, செடி அமுக்குற பேப்பர் கட்டைச் சுமந்துக்கிட்டு வந்து இதே பாறையில எனக்காகக் காத்திருப்பா. அவ பேராவது நிக்கட்டும்னு நினைச்சேன்."

"சும்மாவா உட்கார்ந்திருப்பாங்க?"

"பாசியை நோண்டிக்கிட்டு இருப்பா." விரலை மறுபடி அந்தத் தண்டின்மேல் வைத்தார். "ஒரு நாள் சொன்னா, ரெண்டும் ஒரே கொடியில வருதுங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்கென்ன தெரியும், பேசாம இருன்னேன்."

டீச்சர் பையிலிருந்து அச்சடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். கூடத்தில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒட்டுகிற சீட்டுதான். பெரணிக்கு ஏற்கெனவே இருக்கிற பெயரை எழுதினார். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் தில்லைநாயகத்தின் பெயரை எழுதினார். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினார்.

"அதுக்குக் கீழே 'இனம் கண்டவர்'னு ஒரு வரி இருக்கு. அதுல வரவேண்டிய பேரை நீங்களே எழுதுங்க ஐயா."