அலசாத அலகு

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி நின்று கேட்கிற கதை இல்லை இது.

ஓடைக்கரையில் ஒரு கொக்கு வைத்தியம் பார்த்தது. பிராணிகளின் காலில் தைத்தது எந்த முள்ளானாலும் அலகால் கவ்விப் பிடுங்கிவிடும். பிடுங்கியதும் ஓடையில் அலகை அலசிவிட்டுத்தான் அடுத்த காலைத் தொடும்.

ஒருநாள் மந்திரி ஓணான் வந்தது.

"என்னய்யா, வரிசை இப்படி நீளுது? புலிராசா பார்வையிட வரும்போது இங்கே ஒருத்தரும் காத்துக் கிடக்கக் கூடாது! அலசுற வேலையை நிறுத்து!"

கொக்கு நிறுத்தியது. வரிசை சுருங்கியது. ஆனால், சீழ் பிடித்த புண்ணைத் தொட்ட அலகே சின்ன முள் தைத்த காலையும் தொட்டது. முள்ளோடு நடந்து வந்த பிராணிகள் காய்ச்சல் கண்டு செத்தன. முயல் செவந்தியின் மூத்த குட்டியும் செத்தான்.

சில நாளில் இளையவன் காலிலும் முள் தைத்தது. செவந்தி பதறிப்போய் ஓணானிடம் ஓடினாள்.

"அலகை அலசச் சொல்லுங்க, மந்திரியாரே! எனக்கு மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான்!"

"எல்லாம் விதிம்மா. ராசா காதுல போட்டு வைக்கிறேன்" என்று ஓணான் தலையை ஆட்டியது.

"ஆட்டுறதுக்கு மட்டும்தானா உமக்குத் தலை?"

அன்றைக்குத்தான் ராசா பார்வையிட வரும் நாள்; அவர் வரும் பாதை நெடுகப் பூ கொட்டிக் கிடந்தது. செவந்தி பூவுக்கு அடியில் ஒரு கருவேல முள்ளை நட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஐயோ!" என்று புலி காலைத் தூக்கியது. நரியின் அழுகின புண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கொக்கு அப்படியே ஓடி வந்தது.

"தொட விடாதீங்க ராசா! அலகுல நரியோட சீழ் ஒழுகுது. என் மூத்தவனைக் கொன்னது அதுதான்!"

புலிக்கு வேர்த்துவிட்டது. "அலசுடா!"

கொக்கு அலசியது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தானா?" செவந்தி ஓணான் பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு முங்கலுக்கா என் பிள்ளைக்கு நேரமில்லாமப் போச்சு?"

ஓணானின் தலை ஆடவில்லை.

"வரிசை காட்டைத் தாண்டி நீண்டாலும் சரி, இனிமே அலசாம யாரையும் தொடக் கூடாது!" என்று புலி உறுமியது. கொக்கு ராசாவின் முள்ளைப் பிடுங்கியது; மறுபடி அலசிவிட்டு வந்து இளையவனின் முள்ளைப் பிடுங்கியது. அவன் பிழைத்தான்.

தடுக்கக்கூடிய சாவை விதி என்று சொல்லும் ஆட்சி, தன் காலில் முள் தைத்தால்தான் திருந்தும். அந்த வலியை ராசா மறந்துவிடக் கூடாதே என்றுதான் செவந்தி, அவர் காலிலிருந்து பிடுங்கிய முள்ளைக் கவ்விக்கொண்டு போய், அவர் உட்காரும் பாறையிடுக்கில் கூர் மேலே தெரியும்படி செருகிவிட்டு வந்தாள்.