பனி ஒழியட்டும் என்ற வழுக்கி

வடகோடிக் கடலின் கரையில் ஒரு வெள்ளைக்கரடி தன் குட்டியோடு பட்டினி கிடந்தது. குட்டியின் பெயர் பஞ்சு. பெயர்தான் பஞ்சு, உடம்பெல்லாம் எலும்பு.

வெள்ளைக்கரடிக்குச் சாப்பாடு சீல் என்ற கடல்நாய். சீலுக்கோ மூச்சுவிடக் காற்று வேண்டும். அதனால் கடல்மேல் உறைந்த பனியில் ஓட்டை போட்டு வைத்திருக்கும். கரடி அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் காத்திருக்கும். சீல் தலையை நீட்டியதும், லபக்!

ஆனால் அந்த வருடம் பனி தாமதமாக வந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிசாக வந்தது. வந்த வேகத்தில் உடைந்தும் போய்விட்டது. கரைக்கு முன்னால் இப்போது வெறும் தண்ணீர். தண்ணீரில் சீலைத் துரத்திப் பிடிக்கக் கரடியால் ஆகாது.

தண்ணீரிலிருந்து ஒரு வழவழப்பான தலை எட்டிப் பார்த்தது. அது வழுக்கி என்ற பெண் சீல்.

“என்னக்கா, விரதமா? எந்தச் சாமிக்கு?”

கரடி உறுமியது. “வாயை மூடுடி!”

“மூடிட்டா மூச்சு எப்படி விடறது? ஆமா, சின்னவர் அங்க என்ன பண்றாரு?”

பாறை இடுக்கில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் பக்கத்தில் பஞ்சு வாலைக்கூட ஆட்டாமல் படுத்திருந்தது.

“உஷ்! பேசாதீங்க. இந்த ஓட்டையில சீல் வரும்!” என்றது பஞ்சு.

வழுக்கி விழுந்து விழுந்து சிரித்தது. “வரும் தம்பி, வரும்! கொசு வரும்! பிடிச்சுச் சாப்பிடு!”

கரடி குட்டியின் முதுகை நக்கிக் கொடுத்தது. “எந்திரிடா கண்ணு.”

“வேண்டாம்மா. நான் அசைஞ்சா அது ஓடிடும்.”

தெற்கேயிருந்து வந்த கடற்காகம் ஒன்று பாறையில் இறங்கியது. “சிரிக்காதே வழுக்கி! மனுஷங்க கரியையும் எண்ணெயையும் எரிச்சுத் தள்றாங்க. அந்தப் புகை உலகத்தையே கம்பளி மாதிரி போர்த்தியிருக்கு. சூடு வெளியே போக வழியில்லை. அதான் பனி உருகுது.”

“அட, நல்லவங்களா இருக்காங்களே! இன்னும் நாலு மூட்டை சேர்த்து எரிக்கச் சொல்லு! பனி ஒழிஞ்சா கரடி ஒழிஞ்சுது!”

“உன் வீடும் பனியிலதானே இருக்கு? வயித்துல குட்டி வேற!”

“என் வீட்டுக் கூரை கெட்டி! நீ பறந்து போ!”

தூரத்தில் ஒரே ஒரு பனிப்பாளம் மிச்சம் இருந்தது. அதன்மேல் குவிந்த பனியைக் குடைந்து வழுக்கி ஓர் அறை கட்டியிருந்தது. அதற்குள் குட்டி ஈன்றது. பிறந்த சீல் குட்டிக்கு உடம்பில் கொழுப்பு கிடையாது. வெள்ளை ரோமம்தான் போர்வை. அது நனைந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும்.

பனி பெய்ய வேண்டிய காலத்தில் மழை பெய்தது. கூரை கரைந்து விழுந்தது. பாளம் பிளந்து, நொறுங்கிக் கரைந்துபோனது. குட்டி தண்ணீரில் விழுந்தது.

“அம்மா, குளிருது!”

“இதோ கண்ணு! இதோ, ஏற இடம் பார்க்கிறேன்!”

வழுக்கி குட்டியை முதுகில் தாங்கிக்கொண்டு கிழக்கே போய்ப் பார்த்தது. மேற்கே போய்ப் பார்த்தது. எங்கும் ஒரு துண்டுப் பனி இல்லை. ஏறுவதற்கு இருந்த இடம் கரை மட்டும்தான். அங்கே கரடி நின்றுகொண்டிருந்தது.

“அக்கா! கொஞ்சம் தள்ளிப் போங்கக்கா! குட்டி நடுங்குது! கொஞ்ச நேரம்தான்!”

கரடி பஞ்சுவைத் திரும்பிப் பார்த்தது. பஞ்சுவால் இப்போது தலையைக்கூடத் தூக்க முடியவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன், வழுக்கி. கரையேறினா விடமாட்டேன். என் குட்டியும்தான் சாகுது.”

வழுக்கி கரைக்கு அருகே வந்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. மழை நிற்கவே இல்லை. முதுகின் மேலிருந்த நடுக்கம்தான் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது. அது தெரியாமல் வழுக்கி, “இதோ கண்ணு, இதோ” என்று சொல்லிக்கொண்டே நீந்தியது.

கரடி பஞ்சுவை வாயில் கவ்விக்கொண்டு, தின்ன எதுவும் இல்லாத மேட்டை நோக்கி நடந்தது.

வேண்டாதவர் அழிகிறார் என்று ஒரு கேட்டைக் கண்டு சிரிப்பவரையும் அந்தக் கேடு விட்டுவைப்பதில்லை.