தூக்கிய திருவடி சிதையாமல் தெரிந்த கதை

உயிர்கள் யாவும் தம்முள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையுச்சியில் இறைவன் ஆண்டுதோறும் மார்கழித் திருவாதிரையன்று ஆடியருளினான். கதிரவன் சிகரத்துக்கு மேல் எழும்வரைதான் அந்த ஆடல். ஏற வல்லவை மலையேறிச் சென்று கண்டன. ஏற இயலாதவற்றின்பால் இரங்கி, ஆடலின் காட்சியை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒளியிழைகளாக்கி அடிவாரத்துக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டிருந்தது.

வழியில் ஒரு பாறைப் பிளவு இருந்தது. அதன் குறுகலான வாயில் ஒரு கணத்துக் காட்சியான ஒரு படத்தின் இழைகள் அனைத்தும் ஒரே சுமையாக நுழையமாட்டா. ஆகவே உடன்பிறந்த இரண்டு தும்பிகள் சுமையைப் பகிர்ந்துகொண்டன. மூத்த தும்பி ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இழைகளைச் சுமந்து வரும். அது பிளவைக் கடந்த மறுகணம், இளைய தும்பி இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை இழைகளை எடுத்துக்கொண்டு புறப்படும். இப்படியே மாறி மாறி.

அடிவாரத்தில், மின்மினிகளின் ஒளி பூசப்பட்ட, வயிறு பருத்த மண்சுவர் ஒன்று நின்றது. இழை பட்ட இடம் அதில் சற்றே ஒளிர்ந்து நிற்கும். மூத்ததின் இழைகள் மங்குமுன் இளையதின் இழைகள் இடையிடையே வந்து அமர்ந்துவிடும். வருவது பாதிப்பாதி என்பதே பார்ப்பவருக்குத் தோன்றாது.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அதற்கு ஈடாக அடிவாரத்து உயிர்கள் தட்டையான பளிங்குப் பலகை ஒன்றை நிறுத்தின. தூய்மையான பலகை, ஆனால் அதில் ஒளி தங்காது. மேலிருந்து கீழ்வரை எல்லா இழைகளையும் ஒருசேரக் கொடுத்தால்தான் ஏற்கும். பாதியைக் கொடுத்தால் வெறுமையாய் நிற்கும். இரு பாதிகளையும் ஒன்றாக்கிக் கொடுக்க, பின்னுவதில் தேர்ந்த தூக்கணாங்குருவியை அமர்த்தின.

புதிய பலகையில் முதல் திருவாதிரை வந்தது. குளத்திலிருந்து ஒரு முதிய ஆமை மெல்ல ஊர்ந்து வந்து அதன் முன் அமர்ந்தது. அடுத்த திருவாதிரைவரை உயிர் தரிக்குமா என்பது அதற்கே ஐயம். தூக்கிய திருவடியை இன்னும் ஒரு முறை கண்ணாரக் காணவேண்டும் என்பது ஒன்றே அதன் வேண்டுதல். அருகில் ஒரு தவளை இருந்தது. மலைமேல் முழங்கும் மத்தள ஒலியைத் தவளைகள் ஒன்றுக்கொன்று சொல்லி இறக்க, கடைசியில் நின்று ஒலிப்பது அதன் தொண்டு.

ஆடல் தொடங்கியது. குருவி இரு தும்பிகளின் இழைகளையும் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னிப் பலகையில் வைத்தது. ஊன்றிய திருவடி சிலம்பின் மணிகூடத் தெரிய விளங்கிற்று. தூக்கிய திருவடியைப் பார்த்த ஆமை கழுத்தை நீட்டியது, மறுபடியும் நீட்டியது.

"குருவியம்மா, திருவடியின் ஓரமெல்லாம் சீப்பின் பல்லைப்போலப் பிரிந்து கிடக்கிறதே?"

"உமக்குக் கண் போய்விட்டது, தாத்தா. குளத்துக்குப் போய்ப் பாசியைப் பாரும்" என்றது தவளை.

குருவி பறந்து வந்து ஆமையின் ஓட்டின்மேல் அமர்ந்து நோக்கியது. "தாத்தாவின் கண்ணில் பழுதில்லை. பழுது என் பின்னலில். ஏன் என்றுதான் தெரியவில்லை."

"நான் கண்டபடியே கொணர்ந்தேன்" என்றது மூத்த தும்பி.

"நான் மட்டும் வழியில் கலைத்துக்கொண்டா வந்தேன்?" என்றது இளையது.

"இருவரும் மெய்யே கொணர்ந்தீர்கள். அண்ணன் புறப்பட்டுத் தம்பி புறப்படுவதற்குள் அந்த அடி நகர்ந்துவிடுகிறது. இரண்டு கணங்களை ஒரு கணமென்று நான்தான் பின்னிவிட்டேன்" என்றது குருவி.

ஆகவே அது வேறு வழி தேடியது. ஒரு முறை மூத்ததின் இழைகளை மட்டும், மறுமுறை இளையதின் இழைகளை மட்டும் எடுத்து, இடைவெளிகளை இழுத்து நிரப்பி வைத்தது. தூக்கிய திருவடி சீரானது. ஆனால் ஊன்றிய திருவடி மேலும் கீழுமாக நடுங்கத் தொடங்கியது. சிலம்பின் மணிகள் மறைந்தன.

ஆமை பதறிப்போய்ப் பலகையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. "உலகைத் தாங்குகின்ற அடி அம்மா, அது நடுங்கலாமா? எனக்குக் கிழிந்தே தெரியட்டும். இதை நிறுத்திவிடு."

சிகரத்தின் விளிம்பு சிவந்துகொண்டிருந்தது.

குருவி அப்போது ஒரு காரியம் செய்தது. மூத்ததின் இழைகளைப் பலகையில் வைக்காமல் ஒரு கணம் அலகிலேயே தாங்கி நின்றது. இளையதும் வந்தபின், முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அசையாத இடத்தில் இரண்டையும் பின்னியது. அசைந்த இடத்தில் மட்டும் இளையதின் இழைகளை விலக்கி, மேலும் கீழும் இருந்த மூத்ததின் இழைகளிலிருந்து நூல் பிரித்து நடுவே புதிய இழை நூற்றது.

"என் சுமையைத் தள்ளிவிட்டாயே. நான் எதற்குச் சிறகு நோகப் பறக்கிறேன்?" என்றது இளைய தும்பி.

"அடுத்த படத்தில் நீ முன்நிற்பாய், உன் அண்ணன் விலகுவான். அசையாத இடத்திலோ எப்போதும் இருவரும் வேண்டும்."

ஆமை இன்னும் பலகையை நோக்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டது: "நீ நூற்ற இழை இறைவன் அனுப்பியது அன்றே. நான் காணப்போவது அவன் திருவடியா, உன் கற்பனையா?"

குருவி ஓட்டின் வாயருகே குனிந்தது. "மேலிருப்பது அவன், கீழிருப்பது அவன். இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் பற்றிக்கொண்டு நூற்றேன், தாத்தா. பற்றாமல் ஓர் இழையும் நூற்கவில்லை."

ஆமை தலையை வெளியே நீட்டியது.

ஊன்றிய அடி மலைபோல் நின்றது. தூக்கிய அடி, ஓரம் சிதையாமல், நிலவுப் பிறைபோல் வளைந்து எழுந்தது. ஆமையின் கண்கள் நனைந்தன.

தவளைக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நான் தாளம் போட்டாயிற்று, அடி இன்னும் விழவில்லையே. ஆடுகிறவனுக்கே தாளம் தப்புகிறதா?"

"அவனுக்கு எங்கே தப்பும்? ஒப்பிட்டுப் பார்க்க நான் நிற்பதால் காட்சி பிந்துகிறது. நீயும் ஒரு கணம் வாயிலேயே வைத்திரேன்" என்றது குருவி.

தவளை தொண்டையை உப்பவைத்து, ஒலியை அடக்கி, அடி இறங்கும் கணத்தில் விட்டது. ஒலியும் அடியும் ஒன்றாயின. தன் குரல் இவ்வளவு பொருத்தமாய் விழக்கூடும் என்று அது நினைத்ததே இல்லை. அதன்பின் கேலி பேசவும் மறந்துவிட்டது.

கதிரவன் எழுந்தான். ஆமை குளத்தை நோக்கித் திரும்பிற்று. "அடுத்த ஆண்டும் வருவேன்" என்றது. அதன் வாயில் அந்தச் சொல் வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அந்த விடியலிலிருந்துதான், இல்லத்துத் திரையரங்குகளில் பாதிப்பாதியாக வரும் பழைய படங்களை முழுமையாக்கித் தரும் பெட்டி, அசையாததைப் பின்னியும் அசைவதை நூற்றும் ஒரு கணம் பிந்தியே காட்டுகிறது. ஒலியும் அதற்காகக் காத்திருந்து கூடவே வருகிறது.