சொல்லாமல் உட்கார்ந்த நாய்

ஒரு ஜமீனில் மருதன் என்றொரு வேட்டை நாய் இருந்தது. ஜமீன்தார் பிரம்பை ஓங்கி, "உட்காரு!" என்று அதட்ட அதட்ட, அது சீறியதே தவிர உட்காரவில்லை.

"எட்டாம் நாள் என் விருந்தாளிகள் முன்னால் இது உட்காரணும். இல்லாட்டி சுட்டுடுவேன்" என்றார்.

"நான் பழக்குறேன் எசமான்" என்றாள் கொட்டில் கூட்டும் பேச்சியம்மாள்.

"விளக்குமாறு பிடிக்கிற கை வேட்டை நாயைப் பழக்குமா?" என்று சிரித்தார்.

பேச்சியம்மாள் அதட்டவே இல்லை. நாய் தானாக உட்காரும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். உட்கார்ந்த நொடியே கால் மெட்டியைத் தரையில் டிக்கென்று தட்டி, கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொடுப்பாள்.

எட்டாம் நாள் கூடம் நிறைய விருந்தாளிகள்.

"பேச்சி, நீ வாயைத் திறக்கக் கூடாது. கையையும் ஆட்டக் கூடாது. இப்ப உட்கார வை பார்ப்போம்!" என்றார் ஜமீன்தார்.

பேச்சியம்மாள் முருகனை நினைத்துக் கைகட்டி நின்றாள். மருதன் அவளைச் சுற்றி வந்து, முகத்தை அண்ணாந்து பார்த்து, மெல்ல உட்கார்ந்தது. மெட்டி டிக்கென்றது.

"யார் சொல்லி உட்கார்ந்தது?" என்று கேட்டார் ஜமீன்தார்.

"யாரும் சொல்லலை எசமான். உட்கார்ந்தா கருவாடு வரும்னு அதுக்கே தெரியும். வாயைத் திறக்காதேன்னு எனக்குத்தானே உத்தரவு? அதுக்கு யோசிக்காதேன்னு உத்தரவு இல்லையே."

பிரம்பு ஜமீன்தார் கையிலிருந்து நழுவியது. உடனே மருதன் வந்து அவர் முன்னாலும் உட்கார்ந்தது.

"அது தன் வேலையைச் செஞ்சிடுச்சு. இனி உங்க முறை எசமான்" என்று கருவாட்டை நீட்டினாள் பேச்சியம்மாள்.

அத்தனை பேர் பார்க்க, ஜமீன்தார் குனிந்து நாய்க்கு ஊட்டினார்.