சைரனை அணைத்தது யார்?

நல்ல காரியத்தில் கெட்டது நடந்தால் முதலில் நல்லவர்களைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. நீங்களும் யாரையும் நம்பாமலே கேளுங்கள்.

திண்டுக்கல்லில் ரத்தம் கொடுப்பவர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் இரண்டு குழுக்கள் வைத்திருந்தார்கள். ஒன்று ‘பேச்சு’. அதில் யாரும் எதையும் பேசலாம். இன்னொன்று ‘அழைப்பு’. அவசரமாக யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் மட்டும் அதில் செய்தி வரும். எழுதும் உரிமை மூன்று பொறுப்பாளர்களுக்கே. சேருகிற எவரும் ‘அழைப்பு’க்கு ஆம்புலன்ஸ் சைரன் சத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

ஆடி மாதம் பொறுப்பாளர் சர்புதீன் தன் துணிக்கடைத் தள்ளுபடியை ‘அழைப்பில்’ போட்டுவிட்டார். ஊரெங்கும் சைரன்! அடுத்த வாரம் பாண்டியம்மாள், ரத்தம் கொடுத்த ஒருவரின் படத்தைப் போட்டு நன்றி சொன்னார். மறுபடியும் சைரன். மூன்றாமவர் தனிஸ்லாஸுக்குப் பொறுக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். ஆவணி பிறந்ததிலிருந்து தினமும் மாலையில், எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமே என்று, “அவசரம் தவிர எதையும் இங்கே போடாதீர்கள்” என எழுதத் தொடங்கினார். மற்ற இருவரும் அதன்பின் வாயே திறக்கவில்லை.

ஆவணி நடுவில் தனிஸ்லாஸின் மகள் அமலிக்குப் பிரசவம். உதிரப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்றார் டாக்டர். குழுவில் அந்த வகைக்காரர் ஒருவரே, பரோட்டாக் கடை மதலைமுத்து. ‘அழைப்பில்’ செய்தி போனது. பதில் இல்லை. கல்லில் கிடக்கும் பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர்! காத்திருந்து பார்த்துவிட்டு, பாண்டியம்மாள் ஆட்டோ பிடித்துக் கடைக்கே போய் அவரை அள்ளிக்கொண்டு வந்தார். அமலி பிழைத்தாள். அதற்குள் தனிஸ்லாஸ் பாதி உயிராகிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

“உன் தள்ளுபடிதான்யா என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது” என்று சர்புதீன் மேல் பாய்ந்தார் தனிஸ்லாஸ்.

சர்புதீன் பாண்டியம்மாளைக் காட்டினார். “நான் அப்பவே அழிச்சுட்டேன் சார். அக்கா போட்ட போட்டோவாலதான் எல்லாருக்கும் அலுத்துப்போச்சு.”

பாண்டியம்மாள் மதலைமுத்துவை முறைத்தார். “கடையில கூட்டம். இவரு வேணும்னே பேசாம இருந்திருப்பாரு.”

மதலைமுத்து ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்: “தள்ளுபடிக்கும் ஓடியாந்தேன், நன்றிக்கும் ஓடியாந்தேன். சிரிச்சுட்டுத்தான் போனேன். சைரனை அணைச்சது போன வாரந்தான். தெனமும் பரோட்டா கருகினா நானும் என்னதான் செய்யிறது?”

கேட்டீர்கள் அல்லவா? இப்போது சொல்லுங்கள்: மதலைமுத்துவின் சைரனை உண்மையில் அணைத்தது யார்?

விடை: தனிஸ்லாஸ்தான். மற்ற இருவர் செய்ததும் தப்புதான். ஆனால் ஆளுக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘போடாதே’ என்பதைத் தினமும் அந்த ‘அழைப்பிலேயே’ போட்டவர் இவர். விஷயம் உறைத்ததும் வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க அங்கேயே செல்போனை எடுத்து ‘அழைப்பை’த் திறந்தார். பாண்டியம்மாள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேச்சுல போடுங்க சார்.”