படகேறிய கம்பம்

மூக்கன்துறைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனி.

பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று தலைநகரில் கூடிப் பேசி, நாட்டின் கரையோர ஊர்களுக்கெல்லாம் ஒரு திட்டம் போட்டார்கள். அதன்படி மூக்கன்துறைக்கு மேட்டில் முப்பது வீடுகளும், கரைக்கு ஒரு கம்பமும் வந்தன. கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. கூட வந்த உத்தரவில் இரண்டே வரி: "கோடு நனைந்தால் இருக்கும் இடத்தை விட்டு உடனே கிளம்பவும். கம்பத்தைக் கடல் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளவும்."

"மண்ணுல நட்டா அலை அரிச்சிடும் தலைவரே," என்றான் கம்பத்துக்குக் காவல் போட்ட வடமலை.

தலைவர் கலிவரதன் தாடையைச் சொறிந்தார். "கடல் எதைத்தான்டா கொண்டுபோகாது?"

"கட்டிப்போட்ட படகை."

ஊரே கைதட்டியது. கம்பத்தைப் படகில் நட்டு, படகைத் தென்னையில் கட்டினார்கள்.

கடல் ஏறியது. படகும் ஏறியது. கோடு மட்டும் வெயிலில் பளபளவென்று காய்ந்தது.

கரையோரக் கடைசி வீடு அஞ்சலாட்சியுடையது. அவள் அடுப்புக்குள் நண்டு குடிவந்துவிட்டது. கைக்குழந்தையின் தூளியை நாளுக்கு ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள். இனி உயர்த்தக் கூரை இல்லை என்றானதும், பாவம், தலைவரிடம் போனாள்.

"அண்ணே, புள்ள தண்ணிக்கு மேல தொங்குது. மேட்டு வீட்டுச் சாவியக் குடுண்ணே."

தலைவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "கோடு காஞ்சில்ல கெடக்கு தங்கச்சி! கடல் ஏறாம எப்படிக் கெளம்புறது?"

அஞ்சலாட்சி குடத்தில் தண்ணீரை மொண்டு கோட்டின் மேல் வீசினாள்.

"ஐயோ, கோடு நனைஞ்சிடுச்சி! கடல் வந்திடுச்சி!" என்று வடமலை அலறினான்.

அரைமணி நேரத்தில் ஊர் மேடேறியது. கம்பத்தைக் கடல் கொண்டுபோய்விடக் கூடாதே என்று படகையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலாட்சி புது வீட்டில் தூளியைக் கைக்கெட்டும் உயரத்தில் கட்டிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு மழை பெய்தது. வடமலை கோட்டைத் தடவிப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"தலைவரே, இங்கயும் ஏறிடுச்சி!"

"கெளம்புங்க, கெளம்புங்க!"

"எங்க போறது?"

"கோடு இத்தன நாளா எங்க காஞ்சி கெடந்துச்சோ, அங்கதான்!"

படகைத் தூக்கிக்கொண்டு, சட்டி பானையோடு ஊர் மொத்தமும் கடலுக்குள் இறங்கியது. அஞ்சலாட்சி மட்டும் வரவில்லை.

வெயில் வந்தது. கோடு காய்ந்தது. மேட்டில் அவள் குழந்தையின் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அவளைப் பார்த்த தலைவர் பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

"பாவி மக, புள்ளையோட முழுகிட்டாளே!"