கொன்றையின் வளையும் காக்காப்பொன் தகடும்

கரும்பாறைக் குன்றின் அடிவாரத்தில் சடையன், கொன்றை என்ற இரண்டு முள்ளம்பன்றிகள் குடும்பம் நடத்தி வந்தன. அந்தக் குன்றிலேயே கதகதப்பான வளை அவற்றுடையதுதான். மழை ஒழுகாது. காற்று புகாது. சுவரில் சின்ன ஓட்டை தெரிந்தாலும் கொன்றை களிமண் குழைத்து அடைத்துவிடும். அந்த மாதக் கடைசியில் அதற்குக் குட்டிகள் பிறக்கவிருந்தன.

ஒருநாள் தும்பை என்ற முயல் வாசலில் வந்து நின்றது. அது மகா கூச்சக்காரி. வாயைத் திறப்பதற்குள் காது இரண்டும் மடிந்துவிடும். ஆனால் அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“அக்கா, பாறைக்குள்ளேயிருந்து ஒரு வாயு வருது. மனுஷங்க அதை ரேடான்னு சொல்றாங்க. வெட்டவெளியில காத்தோட போயிடும். அடைச்ச வளையில தங்கிடும்.”

“நாத்தம் அடிக்குமா?” என்று கேட்டது கொன்றை.

“அடிக்காது. கண்ணுக்கும் தெரியாது.”

சடையன் சிரித்தது. “அப்படின்னா உன் தம்பி மாதிரி ஒரு மூலையில சத்தமில்லாம இருந்துட்டுப் போகட்டுமே, கொன்றை!”

“என் தம்பியை எதுக்கு இழுக்கறீங்க?” கொன்றையின் முட்கள் சடசடத்தன.

“இன்னைக்கு ஒண்ணும் ஆகாது மாமா,” என்றது தும்பை. “வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல கட்டி வரலாம். எல்லாருக்கும் வரும்னு இல்லை. ஆனா வாயு கூடக்கூட ஆபத்தும் கூடும்.”

பக்கத்து வளைப் பெருச்சாளி பூதப்பன் எட்டிப் பார்த்தது. “எனக்கும் இதே பாறைதான்! நான் குண்டுக்கல் மாதிரி இல்லையா?”

“ஒவ்வொரு வளையும் ஒவ்வொரு மாதிரி, சித்தப்பா. சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.”

தும்பை ஒரு தகட்டை நீட்டியது. காக்காப்பொன் என்ற மின்னும் பாறையைச் சீவி எடுத்த மெல்லிய தகடு. வாயு இருந்தால் அதில் பொடிப்பொடியாகத் தழும்பு விழும். எறும்புகள் பனித்துளி வழியே பார்த்து அவற்றை எண்ணிச் சொல்லும்.

“மூணு நாள் படுக்கைப் பக்கத்துல வைங்க அக்கா. வளை எப்பவும் போல அடைச்சே இருக்கட்டும். மூணாம் நாள் நானே வந்து எடுத்துக்கறேன்.”

கொன்றையின் காதில் கடைசி வார்த்தைதான் நன்றாக விழுந்தது. வீட்டுக்கு ஆள் வரப்போகிறது! படுக்கைப் புல் நசுங்கிக் கிடக்கிறதே! மூலையில் கிழங்குத் தோல் வேறு!

தும்பையின் வால் மறைந்ததுதான் தாமதம். களிமண்ணால் அடைத்து வைத்திருந்த பின்வாசலைக் கொன்றை இடித்துத் திறந்தது. புல்லை வெளியே இழுத்து வெயிலில் உலர்த்தியது. மூன்று நாளும் முன்வாசலும் பின்வாசலும் திறந்தே கிடந்தன. காற்று விசிலடித்துக்கொண்டு போய் வந்தது. தகட்டை வாசலில் வைத்தது. அங்கேதான் அது அழகாக மின்னியது.

மூன்றாம் நாள் தும்பை வருவதற்குள் கொன்றையே தகட்டை எறும்புகளிடம் கொண்டுபோனது. அவை எண்ணின. “ஏழே ஏழு தழும்பு!”

“பார்த்தியா! என் வளையில் தூசுகூட இருக்காது!” என்று கொன்றை குன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. பிறகு பின்வாசலைப் பழையபடி அடைக்க உட்கார்ந்தது.

தும்பைக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. மறுபடி வந்தது. கொன்றையின் கையில் ஈரக் களிமண். பக்கத்துப் புதரில் காயும் புல். பார்த்ததும் புரிந்துவிட்டது.

“அக்கா… வளையைத் திறந்து போட்டிருந்தீங்களா?”

“பின்னே? ஆள் வர்ற வீட்டைக் கூட்டிப் பெருக்காம வைப்பாங்களா?”

“மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லை,” என்றது சடையன். “ஒரே குளிர்!”

தும்பையின் காதுகள் மடிந்தன. ஆனாலும் அது பேசியது. “நான் பார்க்க வந்தது நீங்க தூங்கும்போது சுவாசிக்கிற காத்தை, அக்கா. குட்டிங்க திறந்த வளையிலயா தூங்கப் போகுது?”

கொன்றை களிமண்ணைக் கீழே வைத்தது. அதன் கை தானாக வயிற்றைத் தொட்டது. “வேற தகடு இருக்கா, கண்ணு?” என்று கேட்டது.

இந்த முறை வளை அடைத்தே இருந்தது. புதுத் தகடு படுக்கை அருகே இருந்தது. மூலையில் கிடந்த கிழங்குத் தோலைப் பார்க்கும்போதெல்லாம் கொன்றைக்குக் கை பரபரத்தது. “வேணாம், வேணாம்!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்தது.

எறும்புகள் எண்ணத் தொடங்கின. எண்ணின. எண்ணிக்கொண்டே இருந்தன. கடைசியில் தலைமை எறும்பு, “இங்கே குட்டி போட வேண்டாம், தாயி!” என்றது.

கொன்றை வளைச் சுவரைத் தடவியது. “பார்த்துப் பார்த்துக் கட்டின வளையாச்சே! விட்டுட்டுப் போகணுமா?”

“போக வேண்டாம் அக்கா! சரி பண்ணிடலாம்,” என்றது தும்பை.

சடையன் சிரிப்பை விட்டு வேலையில் இறங்கியது. தரைப் பாறையின் விரிசல்களைக் களிமண்ணால் பூசியது. தரைக்கு அடியிலிருந்து புதருக்கு மேலே வரை நீளமான மூங்கில் குழாய் ஒன்றைச் செருகியது. உள்ளே வர இருந்த வாயு குழாய் வழியே வானத்துக்குப் போனது. வளையை அடைத்து, மறுபடியும் மூன்று நாள் தகடு வைத்தன. எறும்புகளின் எண்ணிக்கை சீக்கிரமே முடிந்தது. பத்துக்கும் குறைவு!

மாதக் கடைசியில் இரண்டு குட்டிகள் பிறந்தன. பூதப்பன் பார்க்க வந்தது. குட்டிகளை முகர்ந்தது. பிறகு மெல்ல, “எனக்கும் ஒரு தகடு கிடைக்குமா, தாயி?” என்று கேட்டது.

“கிடைக்கும் அண்ணே! ஆனா மூணு நாளைக்கு வீட்டைத் திறந்து போட்டுப் பெருக்கக் கூடாது!” என்றது கொன்றை.

“நான் என்னைக்குப் பெருக்கினேன்?” என்றது பூதப்பன்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அறிய வேண்டுமானால், நாம் வாழும் வீட்டை உள்ளது உள்ளபடியே சோதிக்க வேண்டும்.